மூன்றும் மூன்றும் சேர்ந்த ஆறு

தைவானின் தாவ் மொழியில் எண்ண ஆரம்பித்தால் ஐந்து வரை சிக்கலே இல்லை. இரண்டு என்றால் துஷா, மூன்று துரு, நான்கு ஷ்பாத், ஐந்து ரிமா. ஆறில்தான் பாதை திரும்புகிறது. ஆறுக்கென்று ஒட்டாத, தனித்த சொல் எதுவும் கிடையாது. ‘மக்கல்-துரு-துரு’ என்கிறார்கள், மூன்று மூன்று. சுருக்கமாகச் சொன்னால் ‘கத்துரு’, அதற்குள்ளும் மூன்றுதான் உட்கார்ந்திருக்கிறது. ஏழுக்குப் ‘பித்து’ என்று தனிச்சொல் உண்டு (நம் ஊர்ப் பித்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை). எட்டுக்கு மறுபடியும் ‘மக்கல்-ஷ்பா-ஷ்பாத்’, அதாவது நான்கு நான்கு.

இந்த எண்வரிசையை ஒரு வினோதத் தகவலாகக் கேட்டுவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் உலகின் மிகப் பெரிய மொழிக் குடும்பங்களில் ஒன்று எப்படிக் கிளைத்தது என்ற வழக்கில் இது முக்கியமான சாட்சியம். வழக்கு இன்னும் முடியவில்லை. சாட்சியோ படுத்த படுக்கையாக இருக்கிறது. தாவ் மக்கள் மொத்தமே சில நூறு பேர்தான். அந்த மொழியைக் குழந்தையாகக் கேட்டு, அதிலேயே பேசி வளர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள். யுனெஸ்கோவின் அபாயப் பட்டியலில் அழிவுக்கு ஒரு படி முந்தைய நிலையில் அது வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் குடும்பத்தின் பெயர் ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம். மேற்கே மடகாஸ்கர் முதல் கிழக்கே ஈஸ்டர் தீவு வரை, உலகச் சுற்றளவில் பாதிக்கும் மேல் பரந்து கிடக்கிறது. மலாய், ஜாவா மொழி, தகலோக், மலகாசி, மாவோரி, ஹவாய் மொழி எல்லாம் இதில் அடக்கம். மொத்தம் 1,200-க்கும் மேற்பட்ட மொழிகள். ஐரோப்பியர் கடலில் இறங்குவதற்கு முன்னால் இவ்வளவு தூரம் பரவிய மொழிக் குடும்பம் வேறு இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த தமிழர்களுக்குத் துவா, தீகா, எம்பாத், லீமா என்பதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அதைத் தாவ் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீகா மட்டும் வேறு வழி வந்த சொல். துவா–துஷா, எம்பாத்–ஷ்பாத், லீமா–ரிமா மூன்றும் பங்காளிகள் என்பதைச் சொல்ல மொழியியலாளர் தேவையில்லை.

தேவைப்படுவது அடுத்த கேள்விக்கு: இவற்றில் எது மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது? துஷாவிலும் ஷ்பாத்திலும் வரும் ‘ஷ்’ மலாயில் இல்லை. மலாய்தான் அதைத் தொலைத்ததா, அல்லது தாவ் புதிதாகச் சேர்த்துக்கொண்டதா?

நம் பேச்சிலிருந்தே இதற்கு விடை எடுக்கலாம். தமிழ்நாட்டில் பல வட்டாரங்களில் ழகரமும் ளகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. ‘வாழை’யும் ‘வாளை’யும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. இப்படிப் பேசும் ஒருவரின் ஒலிப்பை மட்டும் கேட்டு, இரண்டில் எது பழமாகும், எது மீனாகும் என்று பிரித்துவிட முடியாது. ழகரத்தை இன்னும் விடாமல் சொல்லும் ஒருவர் ஊரில் இருந்தால் அவர் வாயிலிருந்துதான் தெரியும். இரண்டு ஒலிகள் ஒன்றாகக் கலப்பது எளிது. கலந்தபின் எந்தச் சொல்லில் எது இருந்தது என்று பிள்ளைகளால் கண்டுபிடித்துச் சரியாகப் பிரிக்க முடியாது. ஆகவே வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்திருப்பவரே பழைய நிலையின் சாட்சி.

தாவ் அப்படிப்பட்ட சாட்சி. அதில் இரண்டு விதமான தகரம் இருக்கிறது. ஒன்று நம் ‘பத்து’ போன்ற சாதாரணத் தகரம். மற்றொன்று நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையில் நீட்டிக் காற்றை உரசவிடும் ஒலி. நம்மிடம் எழுத்து இல்லாததால் அதை ‘ஃத’ என்று குறிக்கிறேன். கண் என்பதற்குத் தாவ் சொல் மாஃதா, சாவதற்கு மாஃதாய். ஏழுக்கு வரும் பித்துவிலோ சாதாரணத் தகரம். தைவானை விட்டு வெளியே வாருங்கள். தகலோக்கில் கண் ‘மாத்தா’, ஏழு ‘பித்தோ’. இரண்டிலும் ஒரே தகரம். மலாயிலும் கண் ‘மாத்தா’, செத்துப்போவது ‘மாத்தி’. பிலிப்பைன்ஸில், போர்னியோவில், மடகாஸ்கரில், பசிபிக்கின் எந்த மூலையிலும், அந்த இரண்டு பழைய ஒலிகளைப் பிரித்து வைத்திருக்கும் ஆஸ்ட்ரோனேசிய மொழி ஒன்றுகூட இல்லை. தைவானின் பூர்வகுடி மொழிகளில் பல இன்றும் பிரித்து வைத்திருக்கின்றன.

இதன் பொருள் சாதாரணமானதல்ல. வெளியே இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளும், அந்த ஒலிகள் ஏற்கெனவே கலந்துபோயிருந்த ஒரே ஒரு கூட்டத்தின் வழிவந்தவை. கலப்பதற்கு முந்தைய நிலை தைவானில்தான் இருக்கிறது. 1999-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிளஸ்ட் வரைந்த குடும்ப மரத்தில் பத்து முதன்மைக் கிளைகள். அதில் ஒன்பது, 36,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தைவானுக்குள் அடங்கிவிடுகின்றன. மலாயும் மலகாசியும் மாவோரியும் மற்ற அத்தனையும் பத்தாவது கிளை. கேரளத்தைவிடச் சிறியதொரு தீவில் ஒன்பது கிளைகள், மீதி பாதி உலகத்துக்கும் சேர்த்து ஒன்று! அகழாய்வுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன: உழவும் மண்பாண்டமும் தெரிந்தவர்கள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தைவானிலிருந்து பிலிப்பைன்ஸ் பக்கம் இறங்கியிருக்கிறார்கள். 2009-இல் நியூஸிலாந்து ஆய்வுக்குழு ஒன்று 400 மொழிகளின் அடிப்படைச் சொற்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, குடும்பத்தின் வேர் தைவானில், ஏறத்தாழ 5,200 ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கிட்டது.

பிளஸ்டின் மரத்தில் தாவ் இருப்பது ‘மேற்குச் சமவெளி’ என்ற கிளையில். அதே கிளையில் இருந்த தாவோகாஸ், பாபுஸா, பப்போரா, ஹோவான்யா எல்லாம் போய்விட்டன. ஒரு முழுக் கிளைக்கு மிச்சமிருக்கும் ஒற்றை வாரிசு தாவ். மொழிகளை எண்ணிக்கையால் எடைபோடும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். பத்தாவது கிளையில் ஒரு மொழி போனால் அதன் அருகில் இன்னும் நூறு மொழிகள் ஏறக்குறைய அதே சாட்சியத்தைச் சொல்லும். தாவ் போனால் கிளையே வாயை மூடிக்கொள்ளும்.

இனி ஆறுக்கு வருவோம். பிளஸ்டும் அவரைப் பின்பற்றுபவர்களும் சொல்வது இது: மூல ஆஸ்ட்ரோனேசியத்தில் ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களுக்கும் தனிச்சொல் இருந்தது. ஆறுக்கு ‘எனெம்’, எட்டுக்கு ‘வாலு’. மலாயில் இன்றும் ஆறு ‘எனாம்’தான், ஹவாய் மொழியில் எட்டு ‘வாலு’. தாவ் இவற்றை எப்போதோ கைவிட்டு ‘மூன்று மூன்று’, ‘நான்கு நான்கு’ என்று புதிதாகக் கட்டிக்கொண்டது.

பிரான்ஸைச் சேர்ந்த லொரான் சகார் 2004-இல் இதைத் தலைகீழாகப் புரட்டினார். தொலைந்தது எதுவுமில்லை, ஆதியில் அந்தச் சொற்களே கிடையாது என்பது அவர் வாதம். ஐந்துக்கு மேலே எல்லாமே கூட்டிச் சொல்லப்பட்ட எண்கள். தனிச்சொற்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் பிறந்தன. ஒரு சொல் பிறந்ததும் அதைப் பேசியவர்களின் சந்ததி முழுவதும் அதைச் சுமந்துகொண்டது. ஆகவே எந்த மொழியில் எத்தனை தனிச்சொற்கள் இருக்கின்றன என்று பார்த்தாலே யார் எப்போது பிரிந்தார்கள் என்ற வரிசை கிடைத்துவிடும்.

சான்றாக அவர் காட்டியது தைவானின் இன்னொரு மொழியான பஸேயை. அதில் ஐந்து ‘ஹஸெப்’. ஏழு ‘ஹஸெபிதுஸா’: ஹஸெப்-இ-துஸா, ஐந்தும் இரண்டும். அதன் மூலவடிவம் ‘ரத்செப்-இ-துஸா’ போல இருந்திருக்கும் என்று கொண்டு, நடுவிலிருந்து நறுக்கி எடுங்கள் என்கிறார் சகார். ப்-இ-து. பித்து! தாவ் மொழியின் ஏழு, தகலோக்கின் பித்தோ, ஹவாயின் ஹிக்கு, மடகாஸ்கரின் ஃபித்து எல்லாம் ‘ஐந்தும் இரண்டும்’ என்ற நீண்ட தொடரின் இடுப்புத் துண்டு என்பது அவர் கட்சி. தாவ் மொழியில் ஏழுக்குச் சொல் பிறந்துவிட்டது, ஆறுக்கும் எட்டுக்கும் இன்னும் பிறக்கவில்லை. அந்த இடைப்பட்ட கட்டத்தில் பிரிந்துபோன மொழி அது.

படித்தவுடன் கைதட்டத் தோன்றும் வாதம். சந்தேகமும் அதனாலேயே வருகிறது. நீண்ட சொல் தேயும்போது தலையோ வாலோ மிஞ்சுவது வழக்கம். தலையும் வாலும் போய் நடுத்துண்டு மட்டும் மிஞ்சுவது அபூர்வம். இதையும் வேறு பல ஆட்சேபங்களையும் பிளஸ்ட் எழுதினார். சகார் பதில் எழுதினார். பிளஸ்ட் 2022 ஜனவரியில் காலமானார். பாடநூல்களில் இன்றும் அதிகம் காணப்படுவது அவர் மரம்தான். எனக்கு எண்களின் விஷயத்தில் சகார் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. ‘ஆறு’ என்ற குட்டிச் சொல்லைக் கையில் வைத்திருக்கும் ஒரு சமூகம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘மூன்று மூன்று’ என்று நீட்டி முழக்கத் தொடங்கியது ஏன் என்பதற்கு மறுதரப்பில் திருப்தியான விளக்கத்தை நான் பார்க்கவில்லை. கூட்டிச் சொன்னது தேய்ந்து ஒரு சொல்லாவதோ எங்கும் நடப்பது. நம் ஒன்பதுக்குள்ளேயே பத்து பதுங்கியிருக்கிறதே.

தாவ் மொழி வாழ்ந்த இடம் தைவானின் நான்டோ மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஓர் ஏரிக்கரை. சுற்றுலாப் பிரசுரங்களில் அதன் பெயர் சூரிய–சந்திர ஏரி. வெள்ளை மான் ஒன்றைத் துரத்திவந்த வேட்டைக்காரர்கள் ஏரியைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது தாவ் மக்களின் பூர்வகதை. ஏரி நடுவில் லாலு என்ற தீவு. அதிலுள்ள பெரிய மரத்தில் தங்கள் ஆதி மூதாதை குடியிருப்பதாக நம்புகிறார்கள். பூசாரிப் பெண் பொறுப்பேற்க விரும்புபவர் தீவுக்குப் போய் அந்த மூதாதையின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும்.

சீன ஆட்சிக் காலத்தில் குடியேறிகள் வந்தார்கள், நிலம் கை மாறியது, நோய்கள் வந்தன, ஜனத்தொகை சரிந்தது. இது தைவானின் சமவெளி முழுவதும் நடந்த கதை. 1895-இல் தீவு ஜப்பான் கைக்குப் போனது. ஜப்பானியர் மலைக்கு அப்பாலுள்ள ஆற்று நீரைச் சுரங்கம் குடைந்து ஏரிக்குக் கொண்டுவந்து நிரப்பி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டார்கள். 1919-இல் தொடங்கிய வேலை இடையில் நின்று, 1934-இல் முடிந்தது. நீர்மட்டம் ஏறியது. தாவ் மக்களின் குடியிருப்பு தண்ணீருக்கு அடியில் போயிற்று. லாலு ஒரு மேட்டளவுக்குச் சுருங்கியது. மக்களைக் கரையில் வேறோரிடத்தில் குடியமர்த்தினார்கள்.

அங்கே அவர்கள் காட்சிப்பொருள் ஆனார்கள். தரையில் பதித்த கற்பலகை மேல், நீளம் வேறு வேறான மர உலக்கைகளைப் பெண்கள் வட்டமாக நின்று இடித்து எழுப்பும் இசை ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகளிடையே புகழ்பெற்றது. சாங் ஃபு-ஷிங் என்ற இசைஞர் 1922-இலேயே வந்து உலக்கை இசையையும் பாட்டுகளையும் சுரப்படுத்தி நூலாக்கினார். மொழிக்கு அந்த யோகம் வாய்க்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1945-க்குப் பிறகு வந்த சீன அரசு லாலுவின் பெயரை மாற்றியது. பிற்பாடு அங்கே காதலர்களைச் சேர்த்துவைக்கும் சீனத் தெய்வம் குடியேறியது. மூதாதையின் தீவில் ஜோடிகள் படகில் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பள்ளியில் மாண்டரின் மட்டும். தாய்மொழியில் வாய்திறந்த பிள்ளைக்குத் தண்டனை. இது தைவான் முழுவதும் நடந்தது.

ஆனால் தாவ் மொழியைத் தின்றதில் பள்ளியைவிட அண்டை அயலுக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். ஏரிக்கரையில் கடை, படகு, ஓட்டல் எல்லாம் ஹொக்கியன் பேசும் சீனர்களுடையது. தாவ் மக்கள் ஒரு சில குலங்களே. சொந்தத்துக்குள் மாப்பிள்ளை, பெண் தேடி எத்தனை நாள் தள்ள முடியும்? சீனர்களோடும், அண்டை மலையின் புனுன் மக்களோடும் கலியாணம் நடந்தது. புனுனிலிருந்து சொற்கள் மட்டுமல்ல, தாவ் மொழியில் முன்பு இல்லாத ஒலிகளும் வந்து சேர்ந்தன. சீனக் கலியாணங்கள் அத்தோடு நிற்கவில்லை. வீட்டு மொழியே ஹொக்கியனாக மாறிவிட்டது. தாவ் குடும்பங்களில் தாத்தா பாட்டிகள் தமக்குள் ஒரு மொழியும் பேரப்பிள்ளைகளிடம் வேறொரு மொழியும் பேசும் நிலை இப்படித்தான் வந்தது.

மொழி பிடிவாதமாக உட்கார்ந்திருந்த ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு தாவ் வீட்டிலும் ‘உலலலுவான்’ என்ற பிரம்புக்கூடை இருக்கும். இறந்துபோன முன்னோரின் பழைய துணிகள், அணிகள் அதில். அந்த மூதாதையரே அதற்குள் இருக்கிறார்கள் என்பது ஐதீகம். சடங்கு நாட்களில் வீட்டுக்கு வீடு கூடைகள் வெளியே வந்து வரிசையாக வைக்கப்படும். பூசாரிப் பெண்கள் தரையில் அமர்ந்து, ஒவ்வொரு வீட்டு முன்னோரையும் பெயர் சொல்லி அழைத்துப் படையலை ஏற்கச் சொல்வார்கள். அந்த அழைப்பு தாவ் மொழியில். மூதாதையருக்கு ஹொக்கியன் தெரியாதே. பேரப்பிள்ளைகளுக்குப் புரியாத மொழியில் பேசினாலும் பரவாயில்லை, முன்னோருக்குப் புரியாத மொழியில் பேசக்கூடாது என்ற இந்த ஏற்பாடு, சந்தையிலும் வீட்டிலும் தோற்ற ஒரு மொழியைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தது.

எழுத்தில் பதிவான வரலாறு சுருக்கமானது. 1950-களில் லீ ஃபாங்-குவேய், சென் சீ-லு முதலிய தைவான் அறிஞர்கள் ஏரிக்குப் போய் ஒலிகளையும் சொற்களையும் குறித்தார்கள். 1956-இல் ஒரு குறிப்புரை வந்தது. 1970-களில் பால் லீ ஒலியமைப்பை விரித்து எழுதினார். அதன்பின் பிளஸ்ட். 1990-களில் ஏரிக்கரைக்கு வந்து, முதியவர்களோடு உட்கார்ந்து சொல் சொல்லாகச் சேர்த்தார். 2003-இல் தைவானின் அகாடெமியா சினிக்கா அதை அகராதியாக வெளியிட்டது. 1,100 பக்கத்துக்கு மேல். சில நூறு பேர் கொண்ட சமூகத்துக்கு, அதிலும் பேசுவோர் சொற்பமான மொழிக்கு, இத்தனை தடிமனான அகராதி உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா என்பது சந்தேகம். வெறும் சொல்–பொருள் பட்டியல் அல்ல அது. சொல் வாக்கியத்தில் எப்படிப் புழங்குகிறது என்பதும் பதிவாகியிருக்கிறது. அந்த வாக்கியங்களுக்குள்தான் இலக்கணம் இருக்கிறது.

அப்படிக் கிடைத்த ஒன்று: தாவ் சொற்கள் தம்மைத் தாமே மடக்கிக்கொள்ளும் விதம். நமக்கு அடுக்குத்தொடர் புதிதல்ல. ‘வா வா’, ‘தீ தீ தீ’ என்று ஒரு சொல்லை நான்கு முறை வரை அடுக்கலாம் என்று நன்னூல் வரம்பே கட்டியிருக்கிறது. ஆனால் நாம் அடுக்குவது முழுச்சொல்லை. தாவ் மொழி சொல்லின் ஒரு துண்டை மட்டும் கிள்ளி, சொல்லுக்குள்ளேயே மறுபடி ஒட்டுகிறது. ஷ்பா-ஷ்பாத் அப்படி வந்ததுதான். செயல் திரும்பத் திரும்ப நடப்பது, நீடிப்பது, மிகுதி முதலிய பொருள்கள் இதிலிருந்து பிறக்கின்றன. சில சொற்களில் அந்தத் துண்டு ஒரு முறைக்கு இரண்டு முறை ஒட்டப்படுகிறது. இந்த மும்மடி அமைப்பைப் பற்றி மட்டுமே 2001-இல் பிளஸ்ட் ஒரு தனிக் கட்டுரை எழுதினார். சொற்பட்டியல் தயாரிக்கப் போகிறவருக்கு இது கண்ணிலேயே படாது. ‘கண்ணுக்கு என்ன சொல்வீர்கள், நெருப்புக்கு என்ன சொல்வீர்கள்’ என்று கேட்டால் தனிச்சொல்தான் பதிலாக வரும். இரண்டு பாட்டிகள் ஒரு பொழுதைப் போக்கப் பேசும்போதுதான் மும்மடி வரும்.

1999 செப்டம்பர் 21 நள்ளிரவுக்குப் பின் நான்டோவில் மையம் கொண்ட பூகம்பம் தைவானில் 2,400-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஏரிக்கரையில் தாவ் வீடுகள் இடிந்தன. லாலுத் தீவும் சேதமடைந்தது. பேரழிவில் சில கதவுகள் திறந்தன என்று சொல்வது கொஞ்சம் குரூரம்தான், ஆனால் நடந்தது அதுதான். வீடிழந்தவர்கள் கட்டடக் கலைஞர் ஷியே யிங்-சுன்னின் உதவியோடு தாங்களே உழைத்து ஒரே இடத்தில் குடியிருப்பு கட்டிக்கொண்டார்கள். சிதறிக் கிடந்தவர்கள் ஒரு முற்றத்தைச் சுற்றி வந்து சேர்ந்தார்கள். தீவுக்கு லாலு என்ற பெயர் திரும்பியது; காதல் தெய்வம் இடம் மாறியது. அதுவரை அரசுக் கணக்கில் ட்ஸோ என்ற வேறொரு இனத்தின் பிரிவாகக் கருதப்பட்ட தாவ் மக்களை, 2001-இல் தைவான் அரசு பத்தாவது பூர்வகுடியாகத் தனியே அங்கீகரித்தது. 2017-இல் பூர்வகுடி மொழிகள் எல்லாம் தேசிய மொழிகள் என்று சட்டமே வந்தது. பாடப்புத்தகம், தேர்வு, பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. ஏரிக்கரை ஊரின் பெயரே இன்று ‘இத்தா தாவ்’, நாம் தாவ் மக்கள்.

அந்த ‘இத்தா’வைத் தமிழர்கள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ அது. கேட்பவரை விலக்கிச் சொல்லும் ‘நாங்கள்’ வேறு, ‘யாமின்’. மலாயின் கித்தாவும் காமியும் இதே ஜோடி. ஆங்கிலத்துக்கும் மாண்டரின் பாடநூலுக்கும் சிரமமான இந்தப் பேதம் நமக்குக் கைவந்தது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு ‘யாமின்–யாம்’ என்று உறவுமுறை கொண்டாடப் புறப்படுபவர்கள் தயவுசெய்து உட்காரவும். நாம்–நாங்கள் வேறுபாடு உலகின் பல மூலைகளில் தனித்தனியே தோன்றியது. உறவை நிறுவ ஒலிகள் சொல்லுக்குச் சொல் ஒரே ஒழுங்கில் பொருந்த வேண்டும், மேலே மாஃதாவும் மாத்தாவும் பொருந்துவது போல. ஒரு சொல் காதுக்கு இனிமையாக ஒத்துப்போவது போதாது.

அகராதி இருக்கிறதே, இனி பேசுவோர் போனால் என்ன என்று கேட்கலாம். இதே கிளையைச் சேர்ந்த பாபுஸாவின் கதையைப் பார்த்தால் விடை தெரியும். 17-ஆம் நூற்றாண்டில் தைவானை டச்சுக்காரர் ஆண்ட சிறிது காலத்தில், கில்பெர்ட்டஸ் ஹப்பார்ட் என்ற பாதிரியார் அந்த மொழியின் ஒரு வழக்குக்கு, ஃபவொர்லாங் என்பது டச்சுக்காரர் வைத்த பெயர், 1650-இல் ஓர் அகராதி எழுதினார். டச்சுக்காரர் 1662-இல் தைவானை இழந்தார்கள். கையெழுத்துப் பிரதி பட்டேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிடந்தது. 1840-ஐ ஒட்டித்தான் அச்சேறியது. மொழி பின்னர் அழிந்துபோனது. அகராதி இருக்கிறது. அதில் நான்கு ‘நஸ்பாத்’, எட்டு ‘மாஸ்பாத்’. நான்கிலிருந்து எட்டைக் கட்டும் வேலை அங்கேயும் நடந்திருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். ஐந்து ‘அகாப்’ போன்ற ஒரு சொல். பஸேயின் ஹஸெப்புக்கு உறவு. ஒன்பதுக்கு அவர் எழுதியிருப்பது ‘தன்னா’ என்று தொடங்கி, டச்சு எழுத்துக் கூட்டலில் தொண்டையொலியாகப் படிக்க வேண்டிய ஓர் எழுத்தோடு முடிகிறது. ஆனால் டச்சுக்காரர் தமக்குப் பழக்கமில்லாத ஒலியைத் தம் எழுத்தில் திணித்தால் அதை அப்படியே படிக்க முடியுமா? அது ககரமா, சகரமா, வேறெதுவுமா?

இங்கே உதவிக்கு வருவது தாவ். அதில் ஒன்பது ‘தனாஃது’. அந்தக் கடைசி ஒலி நாக்கும் பல்லும் உரசும் ‘ஃத’, கண்ணிலும் சாவிலும் வரும் அதே பழைய ஒலியின் வாரிசு. ஆகவே ஹப்பார்ட் எழுதியதும் அந்த ஒலியின் வழித்தோன்றலே, தொண்டையொலி அல்ல. மலாயிலோ தகலோக்கிலோ ஒன்பதுக்கு இந்தச் சொல்லே கிடையாது. இந்தக் கிளைக்கு மட்டும் உரியது. 370 ஆண்டுகளுக்கு முன் ஒரு பாதிரியார் காதில் விழுந்த ஒலியை, இன்று ஏரிக்கரையில் ஒரு முதியவரை ஒன்பது சொல்லச் சொல்லி, அவர் நாக்கு நுனி எங்கே போகிறது என்று பார்த்துச் சரிபார்க்க முடிகிறது.

ஹப்பார்ட் கேட்காமல் விட்டவை ஏராளம். ஃபவொர்லாங்கில் சொல்லின் துண்டை இரண்டு முறை ஒட்டினார்களா? கூட்டிச் சொன்ன எண்களைச் சந்தையில் வேகமாக எண்ணும்போது எப்படிச் சுருக்கினார்கள்? சகாரின் வாதத்துக்கு அந்தச் சுருக்கம்தான் உயிர்நாடி. மெதுவாக, பாதிரியார் எழுதிக்கொள்வதற்காக, ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்ட எண்களில் அது தெரியாது. பிளஸ்டின் 1,100 பக்கங்களிலும் இப்படிக் கேட்கப்படாத கேள்விகள் இருக்கத்தான் செய்யும். சில கேள்விகளை இனிப் பிறக்கப்போகும் ஆய்வாளர்தான் கேட்பார். ஃபவொர்லாங்கைப் பற்றி அவர் ஹப்பார்ட்டின் தாள்களைத்தான் புரட்ட வேண்டும். தாவ் பற்றிய கேள்விகளோடு இத்தா தாவ் ஊருக்குப் பஸ் ஏற, இப்போதைக்கு, இன்னும் வழி இருக்கிறது.